இருபத்தேழில் சேராத விண்மீன்

பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கின்ற அந்தச் சிறிய சாளரத்தின் முன் நான் நின்றதே இல்லை. சிராங்கூன் சாலையை ஒட்டிய கோயிலுக்கு என் மனைவியோடு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் சென்று வந்திருக்கிறேன். அர்ச்சனைச் சீட்டு வாங்குவதற்கு அவள் வரிசையில் நிற்பாள். நான் செருப்புகள் கழற்றும் இடத்திற்கு அருகில் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். தன் நட்சத்திரத்தை அறியாதவனுக்கு அந்த வரிசையில் என்ன வேலை என்பது என் எண்ணம். எனக்காக அவள் உள்ளே எந்த நட்சத்திரத்தைச் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

நான் குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்தவன். என்னை அங்கே கொண்டுவந்து விட்டவர் யார் என்பதை எவரும் அறிந்திருக்கவில்லை. என் பற்களையும் எடையையும் பார்த்து இல்லத்தார் ஒரு வயதை மதிப்பிட்டனர். அதற்கேற்ப ஒரு தேதியைக் குறித்தனர். ஒரு பெயரையும் வைத்தனர். அடையாள அட்டையில் இருப்பது அந்தத் தேதியே. அதிகாரிகள் கேட்டால் அதைச் சொல்வேன்; அவர்களுக்கு வேண்டியது அட்டையில் உள்ளதுதான். மற்ற இடங்களில் சொல்ல மாட்டேன். அறியாத ஒன்றை அறிந்ததுபோல் சொல்லலாகாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட ஒழுங்கு. பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லாதவனுக்கு அத்தகைய ஒழுங்கு ஒன்றாவது வேண்டும்.

வேலைக் காலம் முழுவதும் ஓர் ஓட்டலின் சலவைக் கூடத்தில் பாய்லர் பார்த்தேன். விரிப்புகளையும் துண்டுகளையும் துவைப்பதற்கும் தேய்ப்பதற்கும் நீராவி வேண்டும். அது குறையாமலும் மிகாமலும் காப்பது என் கடமை. தழலைத் தாழ்த்தி வைத்துவிட்டால், மீண்டும் அளவுமானியைப் பார்க்கும் வரை செய்வதற்கு ஒன்றும் இராது. அந்த இடைவேளைகளில் நூலகத்துப் புத்தகங்களைப் படித்தேன். செம்மையான தமிழை அவற்றிலிருந்தே கற்றேன். நெருப்பைக் காவல் காத்தவனுக்கு வானத்து நெருப்பைப் பற்றிப் படிக்க ஆர்வம் எழுந்ததில் வியப்பில்லை.

அவ்வாறு படித்தவற்றுள் என் மனத்தை விட்டு நீங்காமல் நின்றது பிராக்சிமா என்னும் சிறிய விண்மீன். கதிரவனை விலக்கிப் பார்த்தால், நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன் அதுவே. அதன் ஒளி நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. விண்மீன்களின் கணக்கில் அது அடுத்த வீடு. இருந்தும் வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. மனிதர் அதைக் கண்டுபிடித்தே நூறாண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அது செங்குறுமீன் என்னும் வகையைச் சேர்ந்தது. அகலத்தில் கதிரவனின் ஏழில் ஒரு பங்கு. மேற்பரப்பின் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி. அது உமிழும் ஆற்றலில் பெரும்பகுதி வெம்மையாகவே வெளிப்படுகிறது. கண்ணுக்குரிய ஒளி மிகச் சொற்பம்.

ஆயினும் அதன் ஆயுளைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் அளவுமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரவன் தன் நடுவில் உள்ள எரிபொருளை மட்டுமே எரிக்கிறது. நடுவில் தீர்ந்தபின், சுற்றிலும் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் அதற்குத் தளர்ச்சி வந்துவிடும். பிராக்சிமாவோ ஓயாமல் துழாவப்படும் கஞ்சிப் பானையைப் போன்றது. அடியில் உள்ளது மேலேறுகிறது, மேலே உள்ளது அடிக்கு இறங்குகிறது, எதுவும் வீணாவதில்லை. ஆகவே அது இன்னும் பல லட்சம் கோடி ஆண்டுகள் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். எவருக்கும் தெரியாமல், இவ்வளவு சிறிய தழலில், இவ்வளவு காலம். வேலை முடிந்து பேருந்தில் அமர்ந்து வந்தபோது எனக்கு அதன்மேல் பொறாமை உண்டாகவில்லை. அயர்ச்சியே உண்டாயிற்று.

என் மனைவியின் நட்சத்திரம் கேட்டை. அதை அவள் வீட்டில் மெல்லத்தான் சொல்வார்கள். கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகமாட்டாள் என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே உண்டு. அதனால் அவளைப் பார்க்க வந்த மூன்று இடங்கள் கலைந்துபோயின. நான்காவதாக வந்தவன் நான். அவளுடைய தகப்பனார் என்னிடம் சம்பளத்தைக்கூட முதலில் கேட்கவில்லை.

"கூடப் பொறந்தவங்க?"

"யாரும் இல்லைங்க."

"மூத்தவர்னு யாரும்?"

"யாரும் இல்லைங்க."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "காப்பி கொண்டாங்க" என்றார். எனக்கு ஒருவரும் இல்லை என்பது ஒரு தகுதியாகக் கொள்ளப்பட்டது என் வாழ்வில் அந்த ஒரு தடவைதான்.

அதன்பின் தெம்பனிஸில் வீடு, ஒரு மகள், அவளுக்குத் திருமணம், பொங்கோலில் அவளுடைய குடும்பம் என்று ஆண்டுகள் சென்றன. இப்போது என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள் எங்கள் அடுக்குமாடி புளோக்கிற்கு அருகில் உள்ள நிலையத்தில் டயாலிசிஸ். அவள் அங்கே சாய்வு நாற்காலியில் கிடக்கும் நேரமெல்லாம் நான் வெளியே கல்மேசை அருகே உட்கார்ந்திருப்பேன். முடிந்ததும் அவள் என் தோளைப் பற்றிக்கொண்டு நடப்பாள். மின்தூக்கி வரும்வரைகூட நிற்க இயலாமல் சுவரில் சாய்ந்துகொள்வாள். இருவரில் எவர் மற்றவரைத் தாங்குகிறார் என்பது சில நாள்களில் எனக்கே விளங்குவதில்லை.

இந்த நிலையில்தான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். அட்டையின்படி வரும் ஆனியில் எனக்கு எழுபது நிறைகிறது. பீமரத சாந்தி செய்ய வேண்டும் என்றாள். எழுபது நிறைந்தவருக்குப் பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரம் கூடும் நாளில், கலச நீரால் நீராட்டி, மனைவியின் கழுத்தில் மீண்டும் தாலி கட்டச் செய்யும் சடங்கு அது. அறுபதாம் வயதில் இதுபோன்ற சடங்கிற்கு நான் இணங்கவில்லை. நட்சத்திரம் தெரியாமல் நாள் குறிப்பது பொய் என்றேன். அவளும் விட்டுவிட்டாள். அப்போது அவளிடம் காலம் இருந்தது.

"இந்தத் தடவ விடமாட்டேன்" என்றாள். "அடுத்தது எம்பதுக்குத்தான். அதுவரைக்கும் இந்த மெசினு என்னை வச்சிருக்குமா?"



வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கோயில் அலுவலகத்திற்குச் சென்றோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். கணினியைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"ஐயாவுக்குத்தானே? வாழ்த்துகள். நட்சத்திரம் சொல்லுங்க."

என் மனைவி வாயைத் திறக்குமுன் நான், "தெரியாது" என்றேன்.

"டேட் ஆஃப் பர்த் இருக்குல்ல? ஆப்புல போட்டா உடனே வந்துடும்லா."

"அந்தத் தேதி உண்மையான தேதி இல்லை."

அவர் தட்டுவதை நிறுத்தினார். அவ்வழியே வந்த குருக்கள் நின்று விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அதனால என்ன? பேரோட முதல் எழுத்த வச்சு நட்சத்திரம் எடுத்துக்கற வழக்கம் இருக்கே. செஞ்சுடலாம்" என்றார் பரிவோடு.

"பெயரும் மற்றவர்கள் வைத்ததுதான், சாமி."

"எல்லாருக்கும் பேரு மத்தவா வச்சதுதானே!" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். என் மனைவி எழுந்துகொண்டாள். வாயிலைத் தாண்டி, செருப்பை மாட்டி, சாலையைக் கடந்து, பூக்கடைகளின் ஓரமாக என் தோளைப் பற்றாமலே நடந்தாள்.

தேக்கா சந்தைக்கு அருகில் உள்ள சந்தில் எங்கள் நண்பரான பாய் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாகூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். களைப்பு மிகுந்தால் என் மனைவி அங்கே அமர்ந்து இளைப்பாறுவது வழக்கம். அன்றும் அமர்ந்தாள்.

"என்னண்ணே, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு வர்றீங்க?" என்றார் பாய்.

"இவருக்கு நட்சத்திரம் இல்லையாம் பாய். எழுவது வருசமா சும்மா பொறந்திருக்காரு" என்றாள் அவள்.

"எங்க வீட்டுல ஒருத்தருக்குமே கெடையாதுமா. நாங்கள்லாம் பொறக்கலையா?"

"உங்களுக்கு வேற வழக்கம்."

"அண்ணனுக்கும் எங்க வழக்கத்தையே வச்சிருங்க. ஒரு சட்டி பிரியாணியோட முடிஞ்சிரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தண்ணீர் குடித்தாள். பாய் என் பக்கம் திரும்பி, "அண்ணே, கிட்டத்துல இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாதுன்னு ஒரு நட்சத்திரத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, என் மக ஆபீஸ்ல கொஞ்ச பேரு சேந்து டெலஸ்கோப் வாங்கியிருக்காங்க. ஈஸ்ட் கோஸ்ட்ல வச்சுப் பாக்கறாங்களாம். கேட்டுப் பாக்கவா?" என்றார்.

"கேளுங்க பாய், கேளுங்க" என்றாள் என் மனைவி. "இருபத்தேழுல தன்னோடது எதுன்னு தெரியாது. இருபத்தெட்டாவதப் பாக்கப் போறாராம்."

ஆனி பிறந்த வாரத்தில், நிலவு இல்லாத ஒரு முன்னிரவில், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குச் சென்றோம். நான் தனியாகவே செல்வதாக இருந்தேன். வீட்டில் தனியே கிடந்து கூரையைப் பார்ப்பதைவிடக் காற்று வாங்கலாம் என்று அவளும் வந்தாள். தென்புறக் கடலில் துறைமுகத்தில் இடத்திற்காகக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக விளக்கெரித்து நின்றன. பாயின் மகள் எங்களுக்கு மடக்கு நாற்காலிகள் போட்டுத் தந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவர்களின் பேச்சும் சாத்தே இறைச்சி வாட்டும் புகையும் சற்றுத் தொலைவில் இருந்தன.

"ஆண்ட்டி, மொதல்ல இதப் பாருங்க" என்று அவள் தென்கிழக்கில் உயர்ந்து நின்ற ஒரு சிவந்த விண்மீனைக் காட்டினாள். "அன்டாரெஸ். சூப்பர் பிரைட், இல்ல?"

"அதுதான் கேட்டை" என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். தன் நட்சத்திரத்தை அவள் அதற்குமுன் கண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று இடங்களைக் கலைத்தது. அவளுடைய தாயார் மெல்லிய குரலில் மட்டும் சொல்லிவந்தது. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு ஒருவரும் காட்டியதில்லை. புத்தகம் புத்தகமாகப் படித்த நானும் காட்டியதில்லை.

"இதுவா?" என்றாள். "நல்லாத்தான இருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

பின்னர் அந்தப் பெண் தொலைநோக்கியைத் தெற்கே தாழ்வாகத் திருப்பினாள். அங்கே இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள் உண்டு. இடப்புறத்தில் இருப்பது வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் உண்மையில் இரட்டை. பிராக்சிமா அந்த இரட்டையின் மூன்றாவது உறவு; ஆனால் வெகு தொலைவில் விலகி நிற்கிறது. அது அவற்றைச் சேர்ந்ததா, வழியோடு செல்லும் அயலானா என்று அறிஞர் நெடுங்காலம் ஐயுற்றிருந்தனர். சேர்ந்ததே என்று இப்போது கருதுகின்றனர். அவற்றை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகுமாம்.

தொலைநோக்கியின் கேமரா பிடித்த படம் கைக்கணினியின் திரையில் மெல்லத் தெளிந்தது. மணலைக் கொட்டியதுபோல் புள்ளிகள்.

"அங்கிள், இதோ, இந்த ரெட்டிஷ் புள்ளி. இதுதான்."

குனிந்து பார்த்தேன். மற்றப் புள்ளிகளுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிறிது சிவந்திருந்தது. அவள் சுட்டியிராவிட்டால் எனக்குத் தெரிந்திராது. பல ஆண்டுகள் நினைத்துவந்த ஒன்றைக் கண்டதும் பொங்கி எழ வேண்டிய உணர்ச்சி எதுவும் எழவில்லை. இடுப்பு வலித்தது. நாற்காலிக்குத் திரும்பினேன்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்றாள் என் மனைவி.

"சின்னதுதான். பெரும்பாலும் அமைதியா எரியும். என்னிக்காவது திடீர்னு சீறும். பக்கத்துலேயே அதைச் சுத்துற கோள் ஒண்ணு இருக்கு. அது மேலதான் அவ்வளவும் விழும்."

"யாரச் சொல்றீங்க?"

"நட்சத்திரத்தைத்தான் சொல்றேன்மா."

"சரி, இருபத்தேழுல இது எது?"

"எதுவும் இல்ல. இந்த வகையே அதுல கிடையாது. வானத்துல நாலுல மூணு பங்கு இந்த மாதிரிச் சின்னதுதான்னு சொல்றாங்க. ஆனா ஒண்ணுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சாத்தான பேர் வைப்பாங்க?"

"பக்கத்துல இருக்கறதேவா தெரியாது?"

"பக்கத்துல இருக்கறதேதான்."

அவள் கப்பல்களின் பக்கம் திரும்பினாள். பிறகு, "அப்ப அவரு இங்கயே இருந்திருந்தாலும் நமக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"யாரு?"

"உங்க அண்ணன்."

"எனக்கு ஏது அண்ணன்?"

"இல்லன்னு உங்களுக்கு யாரு சொன்னா? எங்கப்பா கேட்டதும் பட்டுனு 'யாரும் இல்லைங்க'ன்னீங்க. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாததச் சொல்ல மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. அன்னிக்கு மட்டும் தெரிஞ்சிருச்சா?"

அவள் குரலில் சண்டை இல்லை. டயாலிசிஸ் முடிந்து வரும்போது பேசுகின்ற அதே களைத்த குரல்.

"வெள்ளிக்கிழமையில மூணு சீட்டு வாங்குவேன். ஒண்ணு எனக்கு. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு, சாமி பேருக்குன்னு சொல்லி வாங்குவேன். அது அவருக்கு. எங்கயாவது இருந்தா நல்லாருக்கட்டும், என் நட்சத்திரத்தால ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு."

"இவ்வளவு வருஷமாவா?"

"கல்யாணத்துலேருந்து."

பை என் மடியில் இருந்தது. அந்தப் பையைத்தான் கோயில் வாசலில் அத்தனை வெள்ளிக்கிழமைகளும் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள், என் ஒரு சொல்லை நம்ப முடியாமல், கண்டிராத ஒருவருக்காக வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த நம்பிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவள் அதைச் சுமந்திருக்கிறாள். நான் ஒருநாளும் அதன் மறுமுனையைப் பிடித்ததில்லை.

"எனக்கு எந்த நட்சத்திரம் சொல்லுவ?" என்று கேட்டேன்.

"கேட்டைதான். எனக்கு வேற எது தெரியும்?"

பாயின் மகள் எங்களுக்குச் சூடாகத் தேநீர் கொண்டுவந்தாள். என் மனைவி ஒரு மிடறுக்குமேல் அருந்தவில்லை. அவளுக்கு நீர் அளவாகத்தான் கொடுக்க வேண்டும். மீதியை நான் குடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, முந்தைய நாள் டயாலிசிஸின் அசதி அவளை விட்டு நீங்கவில்லை. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் படிக்கட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு மின்தூக்கியைத் தேடினோம். கோயில் வாசலை அடைந்ததும், செருப்புகளுக்கு அருகில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை அமர்த்தி, பையை அவள் மடியில் வைத்தேன்.

"எங்க போறீங்க?"

"வரிசைக்கு."

சாளரத்திற்குப் பின்னால் இருந்தவர் முன்பு அலுவலகத்தில் கண்ட அதே மனிதர். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா, அர்ச்சனையா?"

"அர்ச்சனை. பீமரத சாந்திக்கும் நாள் குறிக்கணும்."

"நட்சத்திரம்?"

"கேட்டை."

"அது அம்மாவோடதுல்ல? வாராவாரம் சொல்வாங்களே."

"எனக்கும் அதுதான்."

"அன்னிக்குத் தெரியாதுன்னீங்க?"

எழுபது ஆண்டுகளில் எனக்குக் கற்பிக்கப்பட்ட தமிழும் நானே கற்ற தமிழும் சேர்ந்தும் அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை. "கல்யாணத்துலேருந்து கேட்டைதான்" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பின்னால் நின்றவர்களையும் பார்த்தார். பிறகு கணினியில் தட்டிவிட்டு, ஆனிக் கேட்டை பௌர்ணமியை ஒட்டி வருகிறது என்றும், கோயிலில் அன்று காலை இடம் இருக்கிறது என்றும் சொன்னார். இருவருக்கும் ஒரே நட்சத்திரம் என்பதைக் குருக்களிடம் தாமே சொல்லிக்கொள்வதாகவும் கூறினார். எனக்கும் அவளுக்குமாகச் சீட்டு இரண்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"இன்னொண்ணு வேணும்" என்றேன்.

"யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு."

"பேரு?"

"தெரியாது."

"நட்சத்திரம்?"

இருபத்தேழில் சேராதது என்று சொல்லத் தோன்றியது. வரிசை நீளமாக இருந்தது. எனக்கும் கால் கடுத்தது. "சாமி பேருக்குப் போட்டுடுங்க" என்றேன்.

வெளியே வந்து சீட்டுகளை அவளிடம் நீட்டினேன். விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். மூன்றும் இருந்தன. அவற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். நான் பிடித்து எழுப்பினேன்; இருவரும் மெல்ல உள்ளே நடந்தோம்.